வழியில் நடக்கிறபோதும்

உங்களுக்கு ஒன்பது, ஆறு, இரண்டு வயதில் மூன்று பிள்ளைகள். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கிற ஹோம்ஸ்கூலிங் ஆரம்பித்து ஐந்து மாதம். காலை ஜெபம் முடிந்து பாடத்துக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இழுக்கிறது. வெளியே கூட்டிப்போனால் பாடம் கெடுகிறதே என்று உறுத்தல். போகாவிட்டால் பிள்ளைகள் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிறார்களே என்று கவலை. "வெளியே போவதைப் பாடத்தில் சேர்ப்பதா, விளையாட்டில் சேர்ப்பதா? ஜெபம், பாடம், வீட்டு வேலை, வெளியே போவது எல்லாவற்றையும் மற்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மற்ற குடும்பங்களுக்காக நான் பேச முடியாது, சகோதரி. எங்கள் வீட்டில் இது 11-வது வருஷம், நாலு பிள்ளைகள். என் பதிலின் சாரம் இரண்டே வரிதான். வீட்டில் நடக்கும் பாடத்தைப் பாதியாகக் குறையுங்கள். வெளியே போகும்போது பாடத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இவ்வளவையும் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். எட்டு பீரியட் போட்டு டைம்டேபிள் எழுதி, கலர் அடித்து, சுவரில் ஒட்டினேன். பீரியட் முடிந்தால் அடிக்க ஒரு கைமணி வேறு. மாணவர் எண்ணிக்கை ஒன்று. பெரியவனுக்கு அப்போது ஐந்து வயது. மூன்றாவது வாரம் மணியைக் காணோம். இரண்டு நாள் தேடிய பிறகு கட்டிலுக்கு அடியில், பழைய துணிக்குள் சுற்றி வைத்திருந்தது கிடைத்தது. நான் கோபப்பட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவன் செய்ததுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்துக்கு ஆறு மணி நேரம் ஏன் வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வருகைப் பதிவு, வரிசையில் நிற்பது, நாற்பது நோட்டுகளைத் திருத்தும் வரை காத்திருப்பது, சத்தத்தை அடக்குவது. நம் வீட்டில் அது எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்பது முகத்திலேயே தெரிகிறது. எங்கள் அனுபவத்தில் ஆறு வயதுக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். ஒன்பது வயதுக்கு இரண்டரை, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் பிள்ளை உட்கார்ந்திருக்கும், படிக்காது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பெயர் இதற்குள் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஹோம்ஸ்கூலிங் செய்கிற கிறிஸ்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அந்தப் பெயர் வராமல் இருக்காது. ஆம்பிள்சைடு என்ற ஊரில் 1892-இல் ஆசிரியைகளுக்கான பயிற்சி இல்லம் நடத்த ஆரம்பித்தவர். ஆறு வயதுக்கு முன் முறையான பாடம் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. பாடமெல்லாம் காலையோடு சரி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வானிலை ஓரளவு நன்றாக இருக்கிற நாளெல்லாம் நாலு முதல் ஆறு மணி நேரம் வெளியே இருக்கட்டும் என்றார். கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அட்டவணையில், மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அண்ணன் நோட்டைக் கடிக்கிற இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடமே கிடையாது. நாலு மணி நேரம் முடியாவிட்டால் நாற்பது நிமிஷம் போங்கள்.

தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிற உபாகமம் 6-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தை நம்மில் பாதிப் பேர் சுவரில் மாட்டியிருக்கிறோம். அது நாலு நேரங்களைச் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும். நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டோம். அந்த வசனம் "பேசி" என்று சொல்கிறதையும் கவனியுங்கள். பேசுவது வேறு, பிரசங்கம் பண்ணுவது வேறு. பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். என் பெரியவனுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒருநாள் நான் ஒரு பூவைப் பறித்துக் கையில் எடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. "இப்ப வசனம் வரப்போகுது" என்று தங்கையிடம் கிசுகிசுத்தான். காட்டுப் புஷ்பங்களைக் கவனித்துப் பாருங்கள் என்ற வசனத்தைத்தான் சொல்ல இருந்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கினேன். கவனித்துப் பார்க்கச் சொல்கிற வசனத்தைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கவனிக்க விடாமல் வைத்திருந்திருக்கிறேன்.

நாள் எப்படிப் போகிறது என்றும் கேட்டீர்கள். மணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வரிசை மாறுவதில்லை. நேரம் தினமும் மாறும். காலை சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைப்பதற்கு முன்பே ஜெபம். மேஜை துடைத்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், திரும்ப உட்கார வைக்க அரை மணி நேரம் ஆகும். ஒரு பாட்டு, அந்த வாரத்து மனப்பாட வசனம், வேதத்தில் ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். 20 நிமிஷம். ஆரம்பத்தில் முக்கால் மணி நேரம் நீட்டிக்கொண்டிருந்தேன். பக்தி கூடவில்லை, கொட்டாவிதான் கூடியது. பிறகு கணக்கு. அது முடிந்தால் மொழி: வாசிப்பும் எழுத்தும். பிறகு எல்லாருமாகக் கேட்கிற கதையோ வரலாறோ நான் வாசிக்க, யாராவது ஒருவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே தடவைதான் வாசிப்பேன். இரண்டு தடவை வாசிப்பேன் என்று தெரிந்தால் முதல் தடவை காதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் புத்தகமெல்லாம் மூடியாகிவிடும்.

கணக்கை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். வெளியே போனால் அதிலேயே எல்லாம் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொன்னேன். வகுத்தல் கணக்கு எந்தப் பூங்காவிலும் வளர்வதில்லை. அது மேஜையில், பென்சிலோடு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். வாசிப்பும் அப்படியே. வாசிப்பு பிந்துகிற பிள்ளையைப் பார்த்து "அது தானே மலரும்" என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். எங்கள் மூன்றாவது பிள்ளைக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் எழுத்தே தெரிந்தது. அதுவரை அவளைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் மனது வலிக்கிறது.

சோம்பேறி என்றதும், சோம்பேறியே எறும்பைப் போய்ப் பார் என்கிற நீதிமொழிகள் வசனத்து எறும்பு நினைவுக்கு வருகிறது. வெளியே போவது என்றால் நான் எதைச் சொல்கிறேன் என்பதை, நாங்கள் எறும்பு பார்த்த ஒரு நாளை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரு புதன்கிழமை. பூங்காவுக்கு என்று கிளம்பி, வாசல் தாண்டி ஐம்பது அடிகூடப் போகவில்லை. நடைபாதை ஓரத்தில் எறும்புச் சாரை. அப்போது ஏழு வயதாயிருந்த இரண்டாமவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். பையில் பூதக்கண்ணாடி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சாரைக்குக் குறுக்கே தரையில் அவள் விரலை வைத்து அழுத்தி ஒரு தேய்ப்பு தேய்த்தாள். வந்த எறும்புகள் அந்த இடத்தில் நின்றன. உணர்கொம்பை ஆட்டிக்கொண்டு இடமும் வலமும் தடுமாறின. அந்தப் பக்கத்தில் இருந்தவையும் அப்படியே. "நான் ஒண்ணுமே வைக்கலையே, ஏன் நிக்குது?" என்றாள். இந்த எறும்பு வழியைக் கண்ணால் பார்த்துப் போவதில்லை, முன்னால் போனது விட்டுப்போன வாசனைத் தடத்தை மோந்துகொண்டு போகிறது, நீ அதை அழித்துவிட்டாய் என்றேன். அவள் தன் விரலை மோந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அதுவே பெரிய அதிசயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு எறும்பு துணிந்து கடந்தது, பின்னால் இன்னொன்று, பிறகு சாரை கூடிவிட்டது. அழித்தாள், கூடியது. மறுபடி அழித்தாள். ஆறு தடவை.

பூங்காவுக்கு நாங்கள் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் வரைந்தாள். ஆறு கால், நாலு கால் வயிற்றிலிருந்து முளைத்திருந்தது. தவறு என்று சொல்லவில்லை. சாயங்காலம் பூதக்கண்ணாடியோடு மறுபடி அனுப்பினேன். ஓடி வந்தாள்: "எல்லாக் காலும் நடுவுலதான் இருக்கு! வயித்துல ஒண்ணுமே இல்ல!" அழித்துத் திருத்தினாள். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், ரப்பர் தேய்த்த அழுக்கோடு.

வசனம் வந்தது ராத்திரி. என் வீட்டுக்காரர் நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். எறும்புக்குப் பிரபுவும் தலைவனும் அதிகாரியும் இல்லை என்று வருகிற இடத்தில் பிள்ளை குறுக்கிட்டாள்: "ராணி எறும்பு இருக்குதே அப்பா?" நல்ல கேள்வி. ராணி எறும்பு முட்டை இடுகிறதே தவிர யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. எந்த எறும்பு எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்ல அங்கே மேஸ்திரி கிடையாது. ராணி என்று பெயர் வைத்தது நாம்தான். அந்த வசனம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அடுத்த வசனத்தில் எறும்பு தானியம் சேர்த்து வைக்கும் என்று வருவதை 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சிலர் நம்பவில்லை. அவர்கள் நாட்டு எறும்பு அப்படிச் செய்வதில்லை. மத்திய தரைக்கடல் ஓரத்து அறுவடை எறும்புகளின் புற்றைத் தோண்டிப் பார்த்த பிறகே தானிய அறைகள் தெரிந்தன. எபிரெய மொழியில் அந்த எறும்பு பெண்பால், இரை தேடி அலையும் வேலைக்கார எறும்புகள் எல்லாம் பெண்கள்தான் என்று நான் சொன்னபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியவன், "அப்ப நான் எதுக்கு இதக் கழுவுறேன்?" என்றான்.

அன்று நான் பாடம் என்று எதையும் திட்டமிடவில்லை. கையில் பூதக்கண்ணாடி இருந்தது, அவசரம் இல்லை, அவள் கேட்கும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியே போவதைப் பாடத்தில் சேர்ப்பதா விளையாட்டில் சேர்ப்பதா என்று கேட்டீர்களே, அந்த எறும்பை நீங்கள் எதில் சேர்ப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை.

பார்த்ததைத் திருப்பிச் சொல்ல வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூட வந்த அம்மாவிடம் "என்ன பார்த்தாய், சொல்" என்றால் பிள்ளைக்கு அது பரீட்சை. உனக்குத்தான் தெரியுமே, ஏன் கேட்கிறாய் என்று ஒரு பார்வை பார்க்கும். கூட வராத அப்பா கேட்டால் அது செய்தி. அதனால் வெளியே போன நாளில் நான் வாயே திறக்க மாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் கேட்பார், நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். தாத்தா பாட்டிக்குப் போன் போட்டுச் சொல்ல வைத்தாலும் சரி. கேட்கிறவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும்.

மியூசியத்தில் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். முதல் தடவை போனபோது ஒர்க்‌ஷீட் தயாரித்து, அட்டையில் கிளிப் போட்டு, ஆளுக்கொன்று கொடுத்தேன். இருபது கேள்வி. பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குக் கீழே இருந்த அட்டையைப் பார்த்துப் பதிலைக் காப்பி அடித்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒருவன் அழுதான், ஒருத்தி படியில் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரே விதி: மூன்று பொருள், முக்கால் மணி நேரம். களைப்பதற்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். இன்னும் பார்க்கணும் என்று பிள்ளை முனகும்போது கிளம்பினால் அடுத்த தடவை தானே கேட்கும்.

அப்படிப் போன ஒரு நாளில் பார்த்தது ஒரே ஒரு ரோமக் காசு. திபேரியு இராயன் என்ற ரோமப் பேரரசன் காலத்துத் தெனாரி என்கிற காசு, வெள்ளி, நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான எடை. மத்தேயு 22-இல் வரிக்காசைக் காட்டச் சொன்னபோது "ஒரு பணத்தை" கொண்டுவந்தார்கள் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. பணம் என்றதும் பெரியவன் அதுவரை கட்டுக் கட்டாக நினைத்திருந்தான். திராட்சத்தோட்டத்துக் கூலியாட்களுக்கு நாளொன்றுக்குப் பேசின "பணம்" இதுதான், ஒரு நாள் முழுக்க வெயிலில் உழைத்தால் இந்த ஒரு துண்டு என்று சொன்னதும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தான். காசில் இராயனுடைய தலை. சுற்றிலும் எழுத்து. தெய்வமாகிய அகுஸ்துவின் குமாரன் என்று அதில் பொறித்திருக்கிறது. "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது" என்று ஆண்டவர் கேட்டபோது அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் இந்த வகைக் காசாகவே இருக்கும் என்பார்கள். தேவனுடைய குமாரனிடத்தில் அதை நீட்டியிருக்கிறார்கள். இதை நான் விளக்கவில்லை. எழுத்தின் அர்த்தத்தை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "அவங்க கையில வச்சிருந்தப்ப அதப் படிச்சிருப்பாங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

தீயணைப்பு நிலையம், அச்சகம், பால் பண்ணை, தபால் பிரிக்கும் இடம் என்று வேலை நடக்கும் இடங்களுக்குக் கூட்டிப்போக ஆசை இருந்தால் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு கேள்வி யோசித்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து நன்றிக் கடிதம் எழுதட்டும். அந்த வாரம் கையெழுத்துப் பாடம் அதோடு முடிந்தது. சும்மா எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு முனகுகிற பிள்ளை, தீயணைப்பு மாமாவுக்கு என்றால் இரண்டு பக்கம் எழுதும்.

எங்கே போனாலும் தலை எண்ணுங்கள். சிரிக்காதீர்கள். லூக்கா 2-இல், பன்னிரண்டு வயது இயேசு எருசலேமிலேயே தங்கிவிட்டது தெரியாமல், கூட்டத்தோடு வருகிறார் என்று நினைத்து யோசேப்பும் மரியாளும் ஒருநாள் பிரயாணம் வந்துவிட்டார்கள். கண்டுபிடித்தது மூன்று நாளுக்குப் பின்பு. நாலு குடும்பம் சேர்ந்து போகிற ஒவ்வொரு தடவையும் நடக்கக்கூடியது இதுதான்: அப்பாவோடு இருக்கிறான் என்று அம்மா நினைப்பாள், அம்மாவோடு என்று அப்பா. நாங்கள் கடைசிப் பிள்ளையை ஒரு லைப்ரரியில் விட்டுவிட்டுத் தெருமுனை வரை வந்திருக்கிறோம். ஓடிப் போய்ப் பார்த்தால் அவன் படப்புத்தகத்தை விட்டுத் தலையே நிமிர்த்தவில்லை. நாங்கள் போனதே தெரியாது. அன்றிலிருந்து பெரிய பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு, வாசலில் எண்ணிக்கை. கிளம்பும் முன் வழிப் பிரயாணத்துக்காக ஜெபிப்போம். ஜெபித்துவிட்டுத் தலையை எண்ணாமல் இருப்பது விசுவாசம் இல்லை, அசட்டை.

வேலை நாளில் வெளியே போனால் கூட்டம் இருக்காது. அதுதான் நமக்கு இருக்கிற பெரிய சலுகை. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "ஏன் பாப்பா, இன்னைக்கு லீவா?" என் இரண்டாமவள் ஒரு தடவை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எங்களுக்கு லீவே கிடையாது" என்று சொல்லிவிட்டாள். கேட்ட பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதனால் ஒரு சின்னப் பதிலைப் பழக்கி வையுங்கள்: "நாங்க வீட்டுல படிக்கிறோம், காலையிலயே முடிச்சிட்டோம்." போதும். அதற்கு மேல் வாதாட வேண்டாம். நம் நாட்டு மக்களுக்கெல்லாம் கல்விக் கொள்கை போதிக்க நாம் கிளம்பவில்லை.

சட்டத்தை மட்டும் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அனுமதி இல்லை. விசுவாசத்தைக் காரணம் காட்டி வழக்குப் போட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இல் தள்ளிவிட்டது. பிரான்சில் 2022-இலிருந்து முன் அனுமதி வாங்க வேண்டும். இங்கிலாந்தில் 1944-ஆம் வருஷக் கல்விச் சட்டத்திலேயே பள்ளியிலோ "வேறு விதமாகவோ" கற்பிக்கலாம் என்ற சொல் இருக்கிறது, இன்றும் அந்தச் சொல்லின் மேல்தான் குடும்பங்கள் நிற்கின்றன. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் செல்லும், ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கூட்டத்தில் யாரோ சொன்னதை நம்பாமல், நீங்கள் இருக்கிற இடத்து விதியை நீங்களே வாசித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் வெளியே போவது எல்லாமே நம்மைப்போன்ற குடும்பங்களோடு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. மாதம் ஒரு தடவை மற்ற ஹோம்ஸ்கூல் குடும்பங்களோடு சேர்வது நல்லது; வயது வித்தியாசம் பார்க்காமல் விளையாடுகிறார்கள். ஆனால் அதுவே உலகம் ஆகிவிட்டால், பிள்ளைகள் தங்களைப்போல ஜெபிக்காதவர்களைக் கண்டால் மிரளுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், லைப்ரரிக்காரர், வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிற ஒரு வயதான அம்மா, விளையாட்டுப் பயிற்சியாளர் இவர்களெல்லாம் வேண்டும். நம் வீட்டுக்கு வெளியே இருக்கிற, நம்பத்தகுந்த ஒரு பெரியவரிடம் பிள்ளை மனம் விட்டுப் பேச முடிய வேண்டும். வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற குடும்பத்தில் தவறு நடந்தால் வெளியே தெரிய நாளாகும். இதைச் சொன்னால் சபையில் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

இரண்டு வயதுப் பிள்ளையை என்ன செய்வது? எங்கே போவது என்பதை மூத்த பிள்ளை சொல்லலாம். எப்போது திரும்புவது என்பதைக் கடைசிப் பிள்ளைதான் தீர்மானிக்கும். அதோடு போராடாதீர்கள். தூங்கும் நேரத்துக்குள் வீடு வந்து சேருங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், ஞாயிறு ஆராதனையின் களைப்பு எல்லாருக்கும் இருக்கும். வாரத்தின் நடுவில் ஒரு நாள் போதும். பையில் தண்ணீர், சின்னவனுக்கு மாற்று உடுப்பு, பூதக்கண்ணாடி, நோட்டு, பென்சில், உட்கார ஒரு பழைய விரிப்பு. போனை உள்ளே வையுங்கள். போட்டோ எடுக்க ஆரம்பித்தால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

பிள்ளைகள் அதிகம் இருக்கிற வீட்டில் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு இருந்த பெரிய குறை. சூசன்னா வெஸ்லி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாயார். 19 பிள்ளைகள் பெற்றவர், பிழைத்தவர்கள் பத்துப் பேர். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில், போதகர் வீட்டிலேயே பாடம் நடத்தினார். வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு பிள்ளைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஜானுக்கு வியாழன், சார்லஸுக்குச் சனி. பெரியவனானபின் ஜானே அந்த வியாழன் நேரத்தை ஏக்கத்தோடு நினைத்துக் கேட்டு எழுதியிருக்கிறார். பாடத்தில் சூசன்னா ரொம்பக் கண்டிப்பு. காலை மூன்று, மதியம் மூன்று என்று ஆறு மணி நேரம். அதை நான் பின்பற்றவில்லை. வேலைக்காரர்களும் அவர் வீட்டில் இருந்தார்கள். வியாழக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது ஒரு நடை. ஒரு பிள்ளை, நான், தெருவைச் சுற்றி அரை மணி நேரம். பக்கத்தில் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே பேச்சு வருகிறது. பதின்மூன்று வயதுக்காரி வீட்டுக்குள் சொல்லாததை மூன்றாவது திருப்பத்தில் சொல்லுவாள்.

கடைசியாகப் பதிவு. உங்கள் ஊர் விதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, செய்த பாடம், வாசித்த பக்கம், போன இடம், ஒரு வரி. ராத்திரி இரண்டு நிமிஷ வேலை. ஒன்றுமே நடக்கவில்லை என்று மனம் சோர்கிற மாதத்தில் பின்னால் புரட்டிப் பார்க்க உதவும். எங்கள் நோட்டில் அந்தப் புதன்கிழமைக்கு எதிரே நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "கணக்கு 2 பக்கம். பூங்கா போகவில்லை. எறும்பு."